எல்லாம் பார்டர்தான் என்கிறார்கள், ஆனால் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் 45 வயதுப் பெண். உட்கார்ந்து செய்யும் அலுவலக வேலை. புகை, மது இரண்டும் இல்லை. எடை 68 கிலோ. கடந்த ஒன்பது வருடத்தில் 7 கிலோ கூடியிருக்கிறது. ரத்த அழுத்தம் கடைசியாகப் பார்த்தபோது 128/84. இவருடைய தந்தைக்கு 53 வயதில் மாரடைப்பு வந்தது.

36, 38, 41, 43, 45 ஆகிய வயதுகளில் எடுத்த ஐந்து ரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருந்து, எண்களை வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 89, 94, 92, 101, 107. ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 112, 139, 204, 158, 186. 'நல்ல கொலஸ்ட்ரால்' என்று சொல்லப்படும் எச்டிஎல் 52, 49, 44, 45, 42. 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 108, 114, 101, 118, 122. மொத்தக் கொலஸ்ட்ரால் 182, 191, 186, 195, 201. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி கடைசி மூன்று முறைதான் பார்த்திருக்கிறார்: 5.5, 5.7, 5.9.

ஒவ்வொரு முறையும் இவருக்குக் கிடைத்த பதில், "பார்டர்தான், அடுத்த வருடம் பார்க்கலாம்." 41 வயதில் டிரைகிளிசரைடு 204 வந்தபோது பயந்திருக்கிறார், அதற்கு முந்தைய வாரம்தான் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார். அடுத்த முறை 158க்கு இறங்கியதும் நிம்மதியாகிவிட்டார். "எண்ணைப் பார்த்துப் பார்த்தே நோயை வரவழைத்துக்கொள்ளாதே" என்கிறார் கணவர். உடனே ஓடவிட்டு இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் பரிசோதனையும், இதய ரத்தக்குழாய்களை ஸ்கேனில் படம்பிடிக்கும் சிடி ஆஞ்சியோவும் எடுத்துவிடு என்கிறார் தோழி.

இவர் கேட்பவை: எல்டிஎல் நார்மல்தானே, அப்படியென்றால் இதயத்துக்கு ஆபத்து இல்லைதானே? மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு வராது என்பது உண்மையா? டிரைகிளிசரைடைக் குறைக்க மாத்திரை எடுக்கலாமா? கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விட முடியாதாமே, சர்க்கரையும் வருமாமே? கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் இரண்டு தகவல்கள்: 31 வயதில் இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை வந்து, குழந்தை பிறந்ததும் போய்விட்டது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 10.4. அந்தப் பிரசவத்தில் பிறந்த மகளுக்கு இப்போது 14 வயது. அவளுக்கும் பரிசோதனை வேண்டுமா என்றும் கேட்கிறார்.

ஐந்து தாள்களையும் ஒரே வரிசையில் வைத்தால்

சகோதரி, பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்களே, அது பெரிய உதவி. பெரும்பாலானவர்கள் கடைசித் தாளை மட்டும்தான் கொண்டுவருவார்கள். அதை வைத்து ஒரு மருத்துவர் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்களுக்கு இன்று இதயநோய் இருக்கிறது என்று காட்டும் எதுவும் கடிதத்தில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்ற பதிலோடு நானும் உங்களை அனுப்ப மாட்டேன்.

குழந்தையின் எடையை ஒருமுறை பார்த்ததும் குழந்தை மருத்துவர் முடிவுக்கு வந்துவிடுவதில்லை. வளர்ச்சி அட்டையில் முந்தைய புள்ளிகளோடு சேர்த்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். பெரியவர்களின் ரத்த எண்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். லேப் தாளில் அதற்கு இடமில்லை. ஒரு எண், பக்கத்தில் ஒரு வரம்பு, தாண்டினால் ஒரு குறி, அவ்வளவுதான். போன தடவை எவ்வளவு இருந்தது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

அதற்காக ஒவ்வொரு அசைவையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. டிரைகிளிசரைடு நிறையவே ஆடும் எண். உடம்பில் எந்த மாற்றமும் இல்லாத ஒருவருக்கு இரண்டு வாரம் விட்டு மறுபடி எடுத்தாலே 20 சதவீத அளவுக்கு முன்பின் இருக்கலாம். எல்டிஎல்லும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் அந்த அளவுக்கு ஆடாது. ஹெச்பிஏ1சி இன்னும் நிலையானது. 112, 139 என்ற முதல் இரண்டை மட்டும் காட்டியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த 204ஐ வரிசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். காய்ச்சலும் தொற்றும் டிரைகிளிசரைடை ஏற்றும், எல்டிஎல்லையும் எச்டிஎல்லையும் இறக்கும். உங்கள் எல்டிஎல் அந்த ஒருமுறை மட்டும் 101க்கு இறங்கியதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். 204ஐப் பார்த்துப் பயந்திருக்க வேண்டாம். அதேபோல, அடுத்து வந்த 158ஐப் பார்த்து நிம்மதி அடையவும் காரணம் இல்லை. காய்ச்சல் நேரத்து எண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 112, 139, 158, 186. இறக்கமே இல்லாத ஏற்றம் அது.

சர்க்கரையும் அதே பக்கம் போகிறது, ஹெச்பிஏ1சியும் அதே பக்கம், எச்டிஎல் மட்டும் கீழே. ஒரு எண் ஆடினால் தற்செயல் என்று விடலாம். நான்கு எண்களும் வருடக்கணக்கில் மோசமாகும் பக்கமே நகர்ந்தால் அதற்கு ஒரு பொதுக் காரணம் இருக்கும். இன்சுலின் சொல்வதை உடம்பு முன்போலக் கேட்பதில்லை என்பதுதான் பெரும்பாலும் அந்தக் காரணம். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கல்லீரல் கொழுப்பைக் கூடுதலாக ரத்தத்தில் விடுகிறது, டிரைகிளிசரைடு ஏறுகிறது, அதோடு சேர்ந்து எச்டிஎல் இறங்குகிறது, சர்க்கரை மெல்ல மேலே போகிறது. இடுப்பைச் சுற்றிக் கூடும் எடை இதை முடுக்கிவிடும். உங்களுக்குக் கூடிய 7 கிலோவில் பெரும்பகுதி இடுப்பில்தான் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அளவுக்கு மீறிய இடுப்புச் சுற்றளவு, 150க்கு மேல் டிரைகிளிசரைடு, பெண்களுக்கு 50க்குக் கீழ் எச்டிஎல், 130/85க்கு மேல் ரத்த அழுத்தம், 100க்கு மேல் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று இருந்தாலே அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். உங்களிடம் மூன்று ஏற்கெனவே இருக்கின்றன, ரத்த அழுத்தமும் வாசலில் நிற்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பார்டர்; சேர்த்துப் பார்த்தால் பெயருள்ள ஒரு நிலை. எச்டிஎல்லுக்கு ஆண், பெண் இருவருக்கும் 40 என்றே கீழ்வரம்பு அச்சிடும் லேப்கள் உண்டு. உங்கள் 42க்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

காலம் ஏன் கணக்கில் வருகிறது

ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்புத் துகள்கள் படிவது பல பத்தாண்டுகள் நடக்கும் வேலை. இன்றைய எல்டிஎல் எவ்வளவு என்பதோடு, எத்தனை வருடமாக அந்த அளவு இருந்தது என்பதும் சேர்ந்துதான் படிவின் அளவைத் தீர்மானிக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று 2006ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் சிறு மாற்றத்தோடு பிறக்கும் சிலருக்கு எல்டிஎல் பிறவியிலிருந்தே சற்றுக் குறைவாக இருக்கும். அப்படிப்பட்டவர்களை 15 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவகை மாற்றம் உள்ளவர்களுக்கு எல்டிஎல் 15 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதய ரத்தக்குழாய் நோய் 47 சதவீதம் குறைவாக வந்தது. இன்னொரு வகையில் எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, நோய் 88 சதவீதம் குறைவு. நடு வயதில் ஸ்டேட்டின் கொடுத்து எல்டிஎல்லை 39 மி.கி. குறைத்தாலும், சுமார் ஐந்து வருடத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகின்றன. அதுவும் நல்ல பலன்தான். ஆனால் சிறிய வித்தியாசம் நீண்ட காலம் நீடித்தால் என்ன செய்யும் என்பதை அந்த மரபணு ஆய்வு காட்டிவிட்டது.

இதன் மறுபக்கம்தான் உங்களுக்குப் பொருந்துவது. பெரிய ஏற்றம் எதுவும் இல்லாமல், சற்றே கூடுதலான எண்கள் ஒன்பது வருடம் நீடித்தாலும் அவை சேர்ந்துகொண்டேதான் இருக்கும். இளம் வயதில் சேர்வது, அதே அளவு பிற்காலத்தில் சேர்வதைவிட அதிகம் பாதிக்கிறது என்பதும் இளைஞர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த கார்டியா ஆய்வில் தெரிந்தது.

சர்க்கரையின் பாதை கொஞ்சம் வேறு. பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2009ல் வந்தன. பின்னாளில் நீரிழிவு வந்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நெடுங்காலம் மெதுவாகத்தான் நகர்ந்திருந்தது; நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் மூன்று வருடத்துக்கு முன் திடீரென்று செங்குத்தாக ஏறியது. அதுவரை கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் 107 அந்தச் செங்குத்துப் பகுதியின் தொடக்கமா, இன்னும் சமதளத்தில்தான் இருக்கிறீர்களா என்று ஒரே எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு வருடம் காத்திருப்பதை நான் விரும்பவில்லை.

டிரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, இயல் மடக்கை (ln) எடுத்துச் சொல்லும் ஒரு குறியீடு இப்போது ஆய்வுகளில் அதிகம் பயன்படுகிறது. டிஒய்ஜி குறியீடு என்பார்கள். இன்சுலின் எதிர்ப்பைச் செலவில்லாமல் மதிப்பிட ஒரு வழி. உங்களுக்கு 36 வயதில் 8.51 இருந்தது, இப்போது 9.21. சீனாவின் கைலுவான் ஆய்வு போன்ற பெரிய ஆய்வுகளில், இந்தக் குறியீடு பல வருடம் உயர்ந்தே இருந்தவர்களுக்கு இதயநோயும் பக்கவாதமும் அதிகம் வந்தன. ஆனால் இந்தக் குறியீட்டை இந்த அளவுக்குக் கொண்டுவந்தால் பாதுகாப்பு என்று சிகிச்சை வழிமுறைகள் எதுவும் இலக்கு சொல்வதில்லை. அதனால் இதைத் தனியாகத் துரத்த வேண்டாம். மற்ற எண்கள் சொல்வதையே இதுவும் சொல்கிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போகிறபோக்கில் எழுதிய அந்த இரண்டு தகவல்கள்

கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டவை இவைதான். கர்ப்ப காலச் சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை அளவு இறங்கியது உண்மை. ஆனால் கர்ப்பம் என்பது கணையத்துக்கு வரும் ஒரு பரீட்சை. அதில் திணறிய கணையத்துக்குக் கையிருப்பு குறைவு என்று பொருள். கர்ப்ப காலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு வரை அதிகம். இதய, ரத்தக்குழாய் நோய்களின் வாய்ப்பும் சுமார் இரண்டு மடங்கு. நீரிழிவு வராமலே போனாலும் அந்தக் கூடுதல் வாய்ப்பு ஓரளவு இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்கச் சர்க்கரையைப் பார்த்துவர வேண்டும். எந்த மருத்துவரைப் பார்த்தாலும், அவர் கேட்காவிட்டாலும், இதைச் சொல்லிவிடுங்கள். தந்தைக்கு 53 வயதில் மாரடைப்பு வந்ததையும் சொல்லுங்கள். ஆண் உறவினருக்கு 55 வயதுக்கு முன் வந்தால் அது குடும்ப வரலாற்றில் தனியாகக் குறித்துவைக்க வேண்டிய ஒன்று.

அப்புறம் ஹீமோகுளோபின். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சிவப்பணுக்கள் ரத்தத்தில் வழக்கத்தைவிட அதிக நாள் தங்கும், ஹெச்பிஏ1சி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். உங்கள் 5.9 ஒருவேளை 5.7 ஆகவோ அதற்கும் கீழாகவோ இருக்கலாம். ரத்தசோகை சரியானபின் அந்த எண் இறங்கினால், சர்க்கரை குறைந்துவிட்டது என்று தவறாக நினைத்துவிடக் கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை ரத்தசோகை பாதிக்காது, அது 107. ஆகவே ஏற்றம் உண்மைதான். எவ்வளவு ஏற்றம் என்பதில்தான் சந்தேகம். ரத்தப்போக்குக்குக் காரணம் என்ன என்று மகளிர் மருத்துவரிடம் பார்த்துக்கொள்வதும் இதோடு சேர்ந்த வேலை.

எல்டிஎல் நார்மல், அதனால் பயமில்லையா?

உங்கள் ஐந்து அறிக்கைகளையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் அப்படியே உங்கள் எல்டிஎல் வருகிறது. அதாவது லேப் அதை நேரடியாக அளக்கவில்லை, 1972ல் வந்த ஒரு சூத்திரத்தால் கணக்கிட்டிருக்கிறது. அதில் தவறில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் டிரைகிளிசரைடு ஏறும்போது கழிக்கப்படும் அளவும் ஏறும். எல்டிஎல் பெரிதாக மாறாததுபோலத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

அதைவிடப் பொருத்தமான எண் ஒன்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ராலும் அதில் அடங்கிவிடும். 36 வயதில் 130, இன்று 159. எல்டிஎல் 14 கூடிய அதே காலத்தில் இது 29 கூடியிருக்கிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு எல்டிஎல் துகள்கள் சிறியதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். ஒவ்வொன்றும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைவு என்பதால் எல்டிஎல் எண் சாதுவாகவே காட்டும். துகள்களின் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள அப்போலிப்போபுரோட்டீன் பி என்ற பரிசோதனை இருக்கிறது. ஒரு துகளுக்கு ஒரு புரதம் என்பதால் அது நேரடி எண்ணிக்கை.

மாதவிலக்கு நிற்கும்வரை மாரடைப்பு வராது என்பதையும் விட்டுவிடுங்கள். அந்த வயதில் பெண்களுக்கு வாய்ப்பு குறைவு என்பது சரி, இல்லவே இல்லை என்பது தவறு. நீரிழிவு வந்துவிட்டால் பெண் என்பதால் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதி போய்விடும். கடைசி மாதவிலக்கை ஒட்டிய ஒரு வருடத்தில் எல்டிஎல்லும் துகள் எண்ணிக்கையும் தனியாக ஒரு ஏற்றம் காணும் என்று அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் தெரியவந்தது. உங்களுக்கு அந்தக் கட்டம் இன்னும் சில வருடத்தில் வரப்போகிறது. இன்றைய ஏற்றத்தின் மேல் அதுவும் சேரும்.

எந்தப் பரிசோதனை, எது வேண்டாம்

இரண்டு மூன்று வாரம் விட்டு, காய்ச்சல், சளி எதுவும் இல்லாத நாளில், 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, முன்பு கொடுத்த அதே லேபில் மறுபடி கொடுங்கள். கூடவே தைராய்டு பார்க்க டிஎஸ்எச் (தைராய்டு மந்தமானால் எல்டிஎல் ஏறும்), கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவையும் வேண்டும். உங்களுக்கு நான் கட்டாயம் சேர்ப்பது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை. 140க்கு மேல் போனால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 200ஐத் தொட்டால் நீரிழிவு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 107 என்று காட்டும் சிலருக்கு இதில் 200க்கு மேல் இருப்பது உண்டு. ரத்தசோகை இதைக் குழப்பாது.

வசதி இருந்தால் அப்போலிப்போபுரோட்டீன் பி. அதோடு எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் ஏ, வாழ்நாளில் ஒருமுறை. இது பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகிவிடும் எண், வருடா வருடம் மாறாது. தந்தைக்கு இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தில் இதைப் பார்க்காமல் விடுவது சரியில்லை. 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மற்ற எண்களை இன்னும் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

தோழி சொன்ன டிரெட்மில், சிடி ஆஞ்சியோ இரண்டும் இப்போது வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாத உங்களுக்கு டிரெட்மில் நார்மல் என்று வரத்தான் வாய்ப்பு அதிகம். ரத்தக்குழாய் பெருமளவு குறுகியிருந்தால்தான் அது காட்டும். மாரடைப்பு பல சமயம் பாதிகூட அடைக்காத ஒரு படிவு வெடிப்பதால் வருகிறது. டிரெட்மில் நார்மல் என்ற தைரியத்தில் நீங்கள் இந்த எண்களை மறந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. இதய ரத்தக்குழாய்களில் கால்சியம் படிவை அளக்கும் ஸ்கேன் சிலருக்கு முடிவெடுக்க உதவும். உங்கள் வயதுப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அது பூஜ்யம் என்றே வரும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று உங்களாலும் மருத்துவராலும் முடிவெடுக்க முடியாமல் போனால் அப்போது யோசிக்கலாம்.

மார்பில் அழுத்தம், தாடைக்கோ தோளுக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். பெண்களுக்கு மார்பு வலி முன்னுக்கு வராமல் களைப்பும் குமட்டலும் மட்டும் தெரியலாம். வாயு என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள்.

மாத்திரையா, பழக்கமா?

டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணைய அழற்சியைத் தடுக்க மாத்திரை தேவைப்படும். 186க்குத் தேவையில்லை. அந்த எண்ணை மாத்திரையால் இறக்கிவிட்டால் இதயம் தப்பிவிடும் என்று நினைப்பது இயல்புதான். 2022ல் வெளியான பெரிய ஆய்வில் 10,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளுக்கு அப்படி ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். டிரைகிளிசரைடு கால் பங்கு குறைந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. எச்டிஎல்லை ஏற்றும் மாத்திரைகளுக்கும் இதே கதிதான். இந்த இரண்டு எண்களும் உள்ளே நடப்பதைக் காட்டுபவை. நடப்பதை மாற்றினால்தான் பயன்.

மாற்ற முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2002ல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது என்ற இரண்டு இலக்கு மட்டுமே வைத்தார்கள். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். ஆனால் கர்ப்ப காலச் சர்க்கரை வந்த பெண்களைத் தனியாகப் பார்த்தபோது மெட்ஃபார்மினும் பழக்க மாற்றத்துக்கு இணையாக, ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. அதனால் மூன்று முதல் ஆறு மாதம் முயன்றும் சர்க்கரை இறங்காவிட்டால் மெட்ஃபார்மின் பற்றி மருத்துவரிடம் நீங்களே பேச்சை எடுங்கள்.

சீனாவின் டாச்சிங் நகரில் 1986ல் தொடங்கிய ஆய்வு இன்னும் நம்பிக்கை தருவது. ஆறு வருடம் மட்டும் உணவிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டினார்கள். 30 வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழுவினருக்கு நீரிழிவு ஏறத்தாழ நான்கு வருடம் தள்ளி வந்திருந்தது, இதய, ரத்தக்குழாய் நோய்கள் 26 சதவீதம் குறைவு. கெட்டது சேர்வதுபோல நல்லதும் சேர்ந்திருக்கிறது.

உங்கள் 68 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை ஆறு மாதத்தில் செய்தால் போதும். இனிப்புப் பானங்களையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் குறைத்தால் முதலில் பதில் சொல்வது டிரைகிளிசரைடுதான், சில வாரங்களிலேயே தெரியும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி செய்யுங்கள்; ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்வதில் பெரும்பங்கு தசைக்குத்தான். எடை வேகமாக இறங்கும் நாட்களில் கொலஸ்ட்ரால் எண்கள் தற்காலிகமாகக் கோணலாக வரும். எடை நிலைத்து மூன்று மாதம் ஆனபின் பரிசோதனை கொடுங்கள்.

ஸ்டேட்டின் விஷயத்தில் உங்கள் பயத்தில் பாதி சரி. சர்க்கரை வரும் வாய்ப்பை அது சற்றே கூட்டுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 255 பேர் நான்கு வருடம் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு வருகிறது, அதுவும் ஏற்கெனவே பார்டரில் இருந்தவர்களுக்குத்தான் அதிகம். மாரடைப்பு வாய்ப்பு அதிகமுள்ளவருக்கு இதைவிட நன்மை பெரியது. பழக்கமாகிவிடும், விட முடியாது என்பது சரியில்லை. நிறுத்தினால் எல்டிஎல் பழைய இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

உங்களுக்கு இன்று வேண்டுமா? அடுத்த பத்து வருட ஆபத்தைக் கணக்கிடும் கணிப்பான்களில் போட்டால் சிறிய எண்தான் வரும், ஏனென்றால் அவற்றில் வயதுதான் பெரிய பங்கு வகிக்கிறது. பெரும்பாலானவை இன்றைய எண்ணை மட்டுமே கேட்கும், ஒன்பது வருடக் கதையைக் கேட்காது. அமெரிக்க இதயச் சங்கம் 2023ல் வெளியிட்ட பிரிவென்ட் என்ற கணிப்பானில் 30 வருட ஆபத்தையும் பார்க்கலாம், அதை மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள். என் கருத்து: ஆறு மாதம் பழக்க மாற்றம். அதன்பிறகும் எச்டிஎல் கழித்த கொலஸ்ட்ரால் 150க்கு மேலேயே நின்றால், அல்லது லிப்போபுரோட்டீன் ஏ அதிகமாக வந்தால், அல்லது நீரிழிவு உறுதியானால் ஸ்டேட்டின் எடுப்பது நியாயம். கருத்தரிக்க வாய்ப்பு இருந்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஐந்து அறிக்கைகளின் எண்களையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'என் எண்கள் ஏன் ஏறுகின்றன, எந்த அளவை எட்டினால் நீங்கள் சிகிச்சை ஆரம்பிப்பீர்கள், எப்போது மறுபடி பார்க்க வேண்டும்' என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் வேறொருவரிடம் கருத்துக் கேட்கலாம். எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணவரையும் அழைத்துப் போங்கள். உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் அவர் அப்படிச் சொல்கிறார், தினமும் எண்களைப் பற்றிக் கவலைப்படுவது நல்லதில்லை என்பதில் எனக்கும் அவருக்கும் ஒரே கருத்துதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், நடுவில் பார்க்க வேண்டாம்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். தாய்க்குக் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் எடையும் சர்க்கரையும் கூடும் வாய்ப்பு ஓரளவு உண்டு. 14 வயதில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை, அவசரமும் இல்லை. உங்களுக்கு லிப்போபுரோட்டீன் ஏ அதிகம் என்று வந்தால் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் அவளுக்கும் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவளுடைய எடையைப் பற்றி அவள் காதுபட வீட்டில் பேச வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று வைத்து, நீங்கள் நடக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.